மீண்டு வருவோரின் நண்பர் புனித பிலிப் நேரியார்

முன்னுரை

மருத்துவமனையில் பல நாள் படுத்திருந்த ஒருவர் வீடு திரும்பும் நாள் மகிழ்ச்சியான நாள். பாயும் பாத்திரமும் துணிமணியும் பையில் ஏறுகின்றன. செவிலியரிடம் விடைபெற்று வாசலைத் தாண்டியதும், நோய் முடிந்துவிட்டது என்றே நாம் எல்லாரும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நோய் நீங்கும் நாள் வேறு, உடலில் பலம் திரும்பும் நாள் வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே சில நாட்களோ சில வாரங்களோ இருக்கின்றன. அந்த நாட்களில் கவனிப்பார் இல்லாமல் மீண்டும் படுக்கையில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் கூறுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகில் இருந்து கவனிப்பவர் ஆகியோரே அந்த நால்வகை. இவற்றுள் மருத்துவர் மருத்துவமனையிலேயே நின்றுவிடுகிறார். மருந்து ஒரு பொட்டலமாக நம்முடன் வருகிறது. அருகில் இருந்து கவனிப்பவர் மட்டும் வீட்டில்தான் கிடைக்க வேண்டும். வீடே இல்லாதவர் என்ன செய்வார்? ஏறக்குறைய நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ரோமை நகரில் இந்தக் கேள்வியைத் தம் மனத்தில் சுமந்தவர் புனித பிலிப் நேரியார். சிரித்த முகமுள்ள புனிதர் என்றும் ரோமையின் அப்போஸ்தலர் என்றும் அவரை உலகம் அறியும். உடல் தேறி வருவோருக்கு அவர் செய்த தொண்டை அறிந்தவர் சிலரே.

பிறப்பும் இளமையும்

பிலிப் 1515-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரான்செஸ்கோ நேரி பத்திரங்கள் எழுதும் அலுவலர். தாய் லுக்ரேசியா பிலிப் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். ஆயினும் பிள்ளையின் முகத்தில் புன்னகை மறையவில்லை. கண்டவர்கள் எல்லாரும் அவரை நல்ல பிப்போ என்று செல்லமாக அழைத்தனர். ஒருமுறை பழம் ஏற்றி வந்த கழுதையின் மேல் துள்ளி ஏறி, கழுதையும் பழமும் தாமுமாக நிலவறைக்குள் உருண்டார் என்றும், சிறு காயமும் இன்றி எழுந்து வந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

பதினெட்டு வயதளவில் தந்தை அவரை மோந்தே கசினோ மலையடியில் உள்ள சான் ஜெர்மானோ என்னும் ஊருக்கு அனுப்பினார். அங்கே ரோமோலோ என்ற உறவினர் வாணிபத்தால் செல்வம் சேர்த்திருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. பிலிப் தொழிலைக் கற்றுக்கொண்டால் சொத்து முழுவதும் அவருக்கே கிடைக்கும். ஆனால் அந்த மலைப்புறத்துத் தனிமையில் செபித்துவந்த இளைஞருக்குக் கணக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. சிறிது காலத்தில் சொத்தையும் வாணிபத்தையும் விட்டு, கையில் காசின்றி ரோமையை நோக்கிப் புறப்பட்டார்.

ரோமை நகரில்

அப்போது ரோமை பழைய பொலிவோடு இல்லை. 1527-ஆம் ஆண்டில் படைவீரர்கள் அந்நகரைச் சூறையாடியிருந்தனர். பிலிப் வந்து சேர்ந்தபோது நகரத்தின் காயமும் மக்கள் மனத்தின் காயமும் ஆறாமல் இருந்தன. சுங்க அலுவலராக இருந்த கலியோட்டோ காச்சியா என்ற பிளாரன்ஸ் ஊரார் அவருக்குத் தம் வீட்டில் ஒரு சிறு அறையும் உணவுக்குரிய தானியமும் கொடுத்தார். அதற்கு ஈடாக அவருடைய இரு மக்களுக்கும் பிலிப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ரொட்டியும் நீருமே பெரும்பாலும் அவர் உணவு.

தத்துவமும் இறையியலும் சில ஆண்டுகள் ஊன்றிப் படித்தார். பிறகு தம் புத்தகங்களை விற்று, வந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். இரவு நேரங்களில் நகருக்கு வெளியே உள்ள புனித செபஸ்தியார் சுரங்கக் கல்லறைகளில் தனியே செபித்தார். 1544-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி அங்கே செபித்துக்கொண்டிருந்தபோது, அன்பின் நெருப்பு தம் நெஞ்சுக்குள் இறங்கியதாக உணர்ந்தார். அது முதல் இறையன்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் நெஞ்சு படபடத்தது. நெஞ்சில் பற்றிய அந்த நெருப்பு அவரை நோயாளிகளிடம் இட்டுச் சென்றது.

மருத்துவமனைகளில்

அக்காலத்தில் செல்வர்கள் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. மருத்துவர் அவர்கள் வீட்டுக்கே வருவார். மருத்துவமனைகளில் கிடந்தவர்கள் கூலியாட்கள், வெளியூர்த் திருப்பயணிகள், ஆதரவற்ற முதியோர். தைபர் ஆற்றங்கரையில் பரிசுத்த ஆவி மருத்துவமனை இருந்தது. தீராத நோயுடையோருக்கென்று புனித யாகப்பர் மருத்துவமனை இருந்தது. பிலிப் அங்கெல்லாம் போனார். படுக்கையைத் தட்டி விரித்தார், தரையைக் கூட்டினார், உணவு ஊட்டினார், இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் அருகில் அமர்ந்து செபித்தார். அப்போது அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. நம் தந்தையரையும் அண்ணன்மாரையும் போல ஒரு பொதுநிலையினர். கடைத்தெருவிலும் வங்கிகளிலும் வேலை பார்த்த இளைஞர்களோடு பேச்சுக் கொடுத்து, நன்மை செய்யத் தொடங்குவது எப்போது என்று விளையாட்டாகக் கேட்டு, அவர்களையும் தம்மோடு அழைத்துப் போனார்.

வாசலுக்கு வெளியே

நோயாளிகளோடு பழகப் பழக, பிலிப்பும் நண்பர்களும் ஒன்றைக் கண்டனர். காய்ச்சல் விட்டதும் நோயாளி அனுப்பப்பட்டுவிடுவார். அதில் குற்றம் காண்பதற்கில்லை. அந்தப் படுக்கைக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார். ஆனால் வெளியே வந்தவருக்கு நடக்கவே பலம் இராது. அன்றன்று உழைத்தால் அன்றன்று உணவு என்ற நிலையில் வாழ்ந்தவர் எப்படி உழைப்பார்? வெளியூர்க்காரர் ஆனால் தங்க இடமும் இல்லை. வயிற்றுக்காகப் பலம் வருமுன்னே வேலைக்குப் போனால் நோய் திரும்பிவிடும். மருத்துவர் பட்ட பாடும் மருந்துக்கான செலவும் சில நாட்களில் வீணாகிவிடும்.

ரோமையைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் மலேரியாக் காய்ச்சல் மிகுதி. அந்தக் காய்ச்சல் விட்டது போலக் காட்டி மீண்டும் வரக்கூடியது. இரத்தத்தைக் குறைத்து உடலை நெடுநாள் சோர வைக்கும். கொசுவே அதைப் பரப்புகிறது என்பது 1897, 1898-ஆம் ஆண்டுகளில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. பிலிப்புக்கு இவற்றின் காரணம் தெரியாது. ஆனால் குணமானவர் என்று அனுப்பப்பட்டவர் இன்னும் குணமாகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

தேறி வருவோருக்கு ஓர் இல்லம்

1548-ஆம் ஆண்டில் பிலிப் தம் ஆன்ம குருவான பெர்சியானோ ரோசா அடிகளாரோடு சேர்ந்து ஒரு பக்த சபையைத் தொடங்கினார். ஏறக்குறைய பதினைந்து பேரே முதலில் சேர்ந்தனர். பெரும்பாலோர் எளியவர்கள். களத்து மீட்பர் ஆலயம் என்னும் சிறிய கோவிலில் கூடிச் செபித்தனர். நற்கருணை நாதருக்கு முன் நாற்பது மணி நேர ஆராதனை செய்தனர். மூவொரு கடவுளின் பெயரைத் தங்கள் சபைக்குச் சூட்டினர்.

1550-ஆம் ஆண்டு ஜூபிலி ஆண்டு. பல நாடுகளிலிருந்தும் திருப்பயணிகள் ரோமைக்கு நடந்து வந்தனர். தங்க இடமின்றித் தெருவில் கிடந்த ஏழைப் பயணிகளைச் சபையார் ஒரு வாடகை வீட்டில் சேர்த்தனர். புழுதி படிந்த அவர்கள் பாதங்களைக் கழுவினர், உணவு பரிமாறினர், படுக்கை கொடுத்தனர். இடம் போதாமற்போகவே பெரிய வீடு தேட வேண்டியதாயிற்று.

ஜூபிலி முடிந்து பயணிகள் ஊர் திரும்பினர். படுக்கைகள் காலியாயின. வேறொருவராக இருந்தால், ஆண்டு முடிந்தது, பணியும் முடிந்தது என்று கதவைச் சாத்தியிருப்பார். பிலிப்பும் நண்பர்களுமோ அந்தக் கதவை மருத்துவமனையிலிருந்து வெளியேறுபவர்களுக்குத் திறந்துவிட்டனர். பலம் வரும்வரை அவர்கள் அங்கே தங்கினர். நல்ல உணவும் உறக்கமும் ஆறுதல் சொல்லும் வாயும் அவர்களுக்குக் கிடைத்தன. திருப்பயணிகளும் தேறுவோரும் என்ற இரு பெயரும் அந்தச் சபையோடு நிலைத்துவிட்டன.

அந்தச் சிறிய சபை பின்னர் மிகப் பெரிதாக வளர்ந்தது. 1575-ஆம் ஆண்டு ஜூபிலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திருப்பயணிகளை அது வரவேற்றது. கர்தினால்மாரும் பிரபுக்களும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏழைகளுக்குப் பரிமாறினர். உயர்குலப் பெண்கள் பெண் பயணிகளுக்குப் பணிவிடை செய்தனர். அதன் ஆலயம் இன்றும் ரோமையில் இருக்கிறது.

குருவானவர்

தமக்குக் குருவாகும் தகுதி இல்லை என்றே பிலிப் எண்ணியிருந்தார். ரோசா அடிகளார் வற்புறுத்தவே கீழ்ப்படிந்து, 1551-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அன்பு இல்லம் எனப்பட்ட புனித எரோணிமுஸ் ஆலயத்தை அடுத்த இல்லத்தில் வாழ்ந்தார். அவருடைய அறையில் இளைஞர்கள் கூடிச் செபித்து, நல்ல நூல்களை வாசித்து, பாடல்கள் பாடினர். இதிலிருந்தே ஓரட்டோரி சபை பிறந்தது. 1575-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் அதற்கு அங்கீகாரம் அளித்தார். ஓரட்டோரியோ என்ற இசை வடிவத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்தக் கூட்டங்களால்தான்.

தம்மை யாரும் புனிதர் என்று புகழ்ந்துவிடக் கூடாது என்று அவர் செய்த வேடிக்கைகள் பல. தாடியில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு தெருவில் நடந்ததும் உண்டு. ஆனால் நோயாளிகள் காரியத்தில் அவர் விளையாடியதில்லை. தம் சீடர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் திருச்சபையின் வரலாற்றை எழுதிக் கர்தினாலான பரோனியுஸ் ஒருநாள் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார். முதலில் பரிசுத்த ஆவி மருத்துவமனைக்குப் போய்வருமாறு பிலிப் கூறினார். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் கடந்துவிட்டதே என்று பரோனியுஸ் தயங்கினார். எனினும் கீழ்ப்படிந்து போனார். அங்கே பாவசங்கீர்த்தனம் செய்யாமலே ஒருவர் சாகும் தறுவாயில் கிடந்தார். அவருக்குக் கடைசி உதவி கிடைத்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் இடத்திலும் யாரோ ஒருவர் கணக்கில் விடுபட்டுப் போகலாம் என்பதை பரோனியுஸ் அன்று கண்டார்.

இந்தியாவுக்கு வர விரும்பியவர்

நம் முத்துக்குளித்துறை மக்களிடையே 1542-ஆம் ஆண்டு முதல் உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரை நாம் அனைவரும் அறிவோம். கீழ்த்திசையிலிருந்து சென்ற மறைபரப்புக் கடிதங்கள் 1557-ஆம் ஆண்டளவில் பிலிப்பின் அறையில் வாசிக்கப்பட்டன. கேட்டவர் உள்ளங்கள் கொழுந்துவிட்டன. பிலிப்பும் இருபது பேரளவில் நண்பர்களும் இந்தியாவுக்குப் புறப்படத் துணிந்தனர். முடிவு செய்யுமுன், ரோமைக்கு வெளியே மூன்று ஊற்றுகள் மடத்தில் வாழ்ந்த ஒரு துறவியிடம் பிலிப் ஆலோசனை கேட்டார். அத்துறவி செபித்துவிட்டு, பிலிப்புக்குரிய இந்தியா ரோமையே என்று கூறிவிட்டார். பிலிப் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். கடல் கடந்து போகாமலே, தம் தெருவில் தள்ளாடி நடந்தவர்களிடம் போனார். சவேரியாரும் பிலிப்பும் 1622-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் ஒரே விழாவில் புனிதர் பட்டம் பெற்றனர். புனித இஞ்ஞாசியார், அவிலா புனித தெரேசம்மாள், புனித இசிதோர் ஆகியோரும் அன்றே பட்டம் பெற்றனர்.

கமில்லுஸ் என்னும் நோயாளி

பிலிப்பிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்தவர்களில் கமில்லுஸ் தெ லெல்லிஸ் ஒருவர். 1550-ஆம் ஆண்டில் பிறந்த இவர் போர்வீரர், சூதாடி. காலில் ஏற்பட்ட புண்ணுக்காகப் புனித யாகப்பர் மருத்துவமனைக்கு வந்தார். சண்டைக்காரர் என்று அங்கிருந்து அனுப்பப்பட்டார். 1575-இல் மனந்திரும்பிக் கப்புச்சின் மடத்தில் சேர்ந்தபோது, துறவற உடை உராய்ந்து புண் மீண்டும் திறந்துகொண்டது. மீண்டும் மருத்துவமனை, மீண்டும் மடம், மீண்டும் அதே புண். ஆறியதென்று அனுப்பப்பட்டும் ஆறாத உடம்போடு திரும்பி வருவது எத்தகைய துன்பம் என்பதைத் தம் காலாலேயே அறிந்தவர் கமில்லுஸ்.

இறுதியில் அவர் அந்த மருத்துவமனையிலேயே ஊழியராகி, அதன் மேற்பார்வையாளரும் ஆனார். நோயாளிகளைக் கூலிக்காக அன்றி அன்புக்காகக் கவனிக்கும் ஒரு சபையை நிறுவ அவர் விரும்பியபோது, இருக்கும் பணியை விட்டுப் போகவேண்டாம் என்றே பிலிப் கருதினார். கமில்லுஸ் தம் வழியில் துணிந்து நடந்தார். 1586-ஆம் ஆண்டில் அவர் சபைக்குப் பாப்பரசரின் ஒப்புதல் கிடைத்தது. கறுப்பு உடையில் சிவப்புச் சிலுவை அணிந்த அச்சபையார் மரணப் படுக்கையில் இருப்போருக்குப் பணிபுரிகையில், சம்மனசுகள் அவர்கள் காதில் ஆறுதல் மொழிகளைச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டதாகப் பிலிப்பே பின்னர் சாட்சி சொன்னார். தாம் தடுத்த காரியத்தைத் தாமே புகழ்வதற்கும் பெரிய மனம் வேண்டும் அல்லவா?

இறுதி நாட்கள்

பிலிப் தாமும் பலமுறை கடும் நோயுற்றவர். 1594-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நேரத்தில், தேவமாதாவின் காட்சி பெற்றுப் பிழைத்து எழுந்தார். அதற்குப்பின் ஓர் ஆண்டே வாழ்ந்தார். 1595-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் நற்கருணைத் திருநாள். அன்று பூசை செய்தார், வந்தவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், நண்பர்களோடு மகிழ்ந்திருந்தார். அன்றிரவு கழிந்து மே 26-ஆம் நாள் விடியுமுன் ஆண்டவரில் துயில் கொண்டார். எண்பது வயது நிறைய இரண்டு மாதமே இருந்தது. மே 26 அவர் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்யக்கூடியது

அன்புத் தோழியரே, பிலிப் திறந்த இல்லத்தைப் போல் ஓர் இல்லத்தை நம்மால் கட்ட இயலாது. ஆனால் நம் வீட்டை அப்படி ஆக்க இயலும். மருத்துவமனையிலிருந்து புறப்படுமுன் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. எந்த மருந்து, எந்த வேளை, எத்தனை நாள்? முன்பு சாப்பிட்ட மருந்துகளில் எதை நிறுத்த வேண்டும்? என்ன உணவு கொடுக்கலாம்? தையல் பிரிக்கவோ மறுபடி காட்டவோ எப்போது வர வேண்டும்? காய்ச்சல், இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல் போன்ற எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? இவற்றைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பல வீடுகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர் பள்ளி செல்லும் பெண்ணே. நாம் கற்ற ஆங்கிலம் பரிசு வாங்குவதற்கு மட்டுமன்று. அம்மாவுக்கும் பாட்டிக்கும் அந்தச் சீட்டைப் படித்துக் காட்டி, காலை, மதியம், இரவு என்று மருந்தைத் தமிழில் எழுதி ஒட்டுவதற்கும் அது உதவ வேண்டும். புரியாத சொல்லை ஊகித்து எழுதக் கூடாது. மருத்துவரிடமோ செவிலியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டே எழுத வேண்டும்.

வீட்டிலும் முன்னேற்பாடு தேவை. குளியலறைத் தரையில் ஈரம் இருக்கலாகாது. இரவில் எழுந்து போகும் வழியில் விளக்கு எரிய வேண்டும், காலில் தடுக்கும் பாயும் செருப்பும் அகற்றப்பட வேண்டும். தொடுமுன் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். பார்க்க வருவோர் கூட்டமாக உட்கார்ந்து நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பு லேசானதும் மருந்தை நிறுத்துவது பெரும் தவறு. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் போல மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதென்று நிறுத்தினால், நோய் முன்னிலும் வலிமையோடு திரும்பக்கூடும்.

நம் தெருவில் தனியாக வாழும் முதியவர் ஒருவர் வீடு திரும்பினால், அவருக்கு நான்காம் துணை யார்? ஒரு செம்பு கஞ்சியும் கால்மணி நேரமும் போதும். அந்தத் துணை நாமாக இருக்கலாம்.

முடிவுரை

செபக்கூடத் தலைவர் யாயீரின் பன்னிரண்டு வயது மகளை நம் ஆண்டவர் உயிர்ப்பித்தார். வீட்டார் வியப்பில் மெய்ம்மறந்து நின்றனர். அந்த வேளையிலும், சிறுமிக்கு உண்ண ஏதாவது கொடுக்கும்படி சொன்னவர் அவரே. எழுந்து நடந்த பிள்ளைக்குப் பசிக்கும் என்பதை அவர் மறக்கவில்லை. புனித பிலிப் நேரியார் ரோமைத் தெருக்களில் வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தான். எழுந்து நடந்தவர்களுக்கு அவர் உண்ணக் கொடுத்தார், பலம் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டார். நோயுற்றோரைச் சந்திக்கும் நாம், அவர்கள் நலம்பெற்றுத் திரும்பிய பின்பும் ஒருமுறை சென்று பார்ப்போமாக. புனித பிலிப் நேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.